மூக்கில்லா ராஜாவின் தண்ணீர்

நகரப் பூங்காவின் நட்டநடுவில் ஒரு கல்தூண் நிற்கிறது. எப்போதோ ஆண்ட ஓர் அரசர் முடிசூடி இருபத்தைந்து ஆண்டு ஆனதைக் கொண்டாட எழுப்பியது. தூணின் முன்பக்கத்தில் அரசரின் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். மீசை இருக்கிறது, கிரீடம் இருக்கிறது, மூக்கு மட்டும் இல்லை. பந்து விளையாடிய எவனோ பல வருடங்களுக்கு முன்பே அதைக் காலி செய்துவிட்டான். அதனால் ஊரில் அவருக்கு மூக்கில்லா ராஜா என்றுதான் பெயர். தூணைச் சுற்றி வட்டமாக ஒரு தொட்டி, தொட்டிக்குள் நான்கு திசை பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நான்கு கல் மீன்கள். முகத்துக்குக் கீழே 'குடிகளின் தாகம் தணிய மன்னர் பெருமான் ஈந்த வற்றாத நீர்' என்று எட்ட நின்றாலும் படிக்கிற அளவில் வெட்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருவரும் அந்த மீன்களின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததில்லை. பிஸ்கட் உறையும் பஸ் டிக்கெட்டும்தான் அவற்றுக்குக் கிடைத்த இரை.

இந்தத் தூணுக்கு நூற்றிருபத்தைந்து வயது ஆகப்போவதை யாரோ கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். உடனே விழா. அமைச்சர் வருவார், அரச வம்சத்தில் மிச்சமிருக்கும் ஒரு கொள்ளுப்பேரனும் வருவார், இருவரும் சேர்ந்து ஒரு பொத்தானை அமுக்க மீன்களின் வாயிலிருந்து தண்ணீர் பாயும் என்று அழைப்பிதழ் அடித்தார்கள். அடித்து முடித்த பிறகுதான் குடிநீர் வாரியத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

வாரியத்தில் இந்த மாதிரி வேலைக்கென்றே ஒருவர் உண்டு. முப்பது வருடமாகப் பள்ளத்துக்குள்ளேயே வாழ்கிறவர். குழாய் உடைந்தால், வால்வு இறுகினால், சாலையில் திடீரென்று ஊற்றுக் கிளம்பினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எப்போது தேடினாலும் தலை மட்டும்தான் தரைக்கு மேலே தெரியும் என்பதால் அவருக்குப் பாதாளம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை. பெயரை ஒழுங்காகச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புகார் கொண்டுவருகிறவர்கள் என்பது அவர் அனுபவம்.

பொறியாளர் அவரிடம் நாற்பத்தொன்றாம் எண் வரைபடத்தைக் கொடுத்தார். பூங்காவும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் அதில் இருந்தன. கிழக்கு வாசல் பக்கம் போகும் பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து நேராகத் தூணுக்குப் போனது. இரண்டு அங்குல இரும்புக் குழாய், நாலடி ஆழம்.

"எங்கயாவது அடைச்சிருக்கும், இல்லன்னா துருப்பிடிச்சிருக்கும். தோண்டி, மாத்தி, தண்ணிய வர வை. பன்னிரண்டு நாள் இருக்கு," என்றார் பொறியாளர்.

பாதாளம் வரைபடத்தின் கீழ் மூலையைப் பார்த்தார். அந்தக் கையெழுத்தைப் பார்க்காமலே அவரால் சொல்லியிருக்க முடியும். எழுத்தெல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி நிற்கும். 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்து. வரைபடப் பிரிவின் தலைமை வரைவாளர். பாதாளத்தின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே வளாகத்தில், அண்ணன் மூன்றாம் மாடியிலும் தம்பி தரைக்குக் கீழேயுமாக வேலை பார்த்தார்கள். இரண்டு பேரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

காரணம் ஒரு மணி நேரம்தான். அப்பா இறந்த அன்று காலை பத்து மணிக்கு உடலை எடுப்பதென்று அண்ணன் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து, விடிவதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பிரதானக் குழாய் வெடித்தது. அந்த வால்வு இருக்கும் இடம் பாதாளத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை மூடிவிட்டு, சேறும் சகதியுமாக ஓடிவந்தபோது மணி பதினொன்று. வீட்டில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கடிகாரத்தைக் காட்டி, "பத்துன்னா பத்துதானே" என்றார். அவ்வளவுதான். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாத அந்த வார்த்தையைப் பாதாளம் அதற்குப் பிறகு ஒருநாள்கூட மறக்கவில்லை. அண்ணனும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் அண்ணனை ஸ்கேல் என்பார்கள். வளையாதவர்.

மனைவிமார்கள் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கணவர்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். கணவர்களும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

பாதாளம் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு தோண்டினார். முதல் நாள் வேர் வந்தது. இரண்டாம் நாள் உடைந்த பீங்கான் தட்டு, வளைந்த கரண்டி, ஒற்றைச் செருப்பு. மூன்றாம் நாள் நாலடியைத் தாண்டி ஆறடிக்குப் போயும் இரும்பு வாடையே இல்லை. துருப்பிடித்த குழாய் மண்ணைச் செம்பழுப்பாக்கி வைக்கும். இங்கே மண் புது மண்ணாக, கை படாததாக இருந்தது. இதற்குள் யாரும் எப்போதும் குழாய் போட்டதில்லை என்பது பாதாளத்துக்குப் புரிந்துவிட்டது. மண் அவரிடம் பொய் சொல்லாது. அப்படியானால் வரைபடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பழைய ஆவண அறைக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாள், வருகிறவர்களைப் பார்த்ததும் முதலில் தும்முவார், பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பார். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு மூலம் என்ன என்று பாதாளம் கேட்டதும், துணியில் ஒட்டிய ஒரு பழைய தாளைச் சுருளோடு எடுத்துக்கொடுத்தார். இரண்டு பேரும் மேசையில் அதை விரித்து, நான்கு மூலையிலும் பஞ்ச் மெஷினும் ஸ்டேப்ளரும் வைத்து அமுக்கினார்கள்.

கிழக்கு வாசலிலிருந்து தூணுக்குப் போகும் கோடு அதிலும் இருந்தது. ஆனால் அது புள்ளிக் கோடு.

பாதாளம் படித்தது பத்தாம் வகுப்புதான். ஆனாலும் இந்த விஷயம் வாரியத்தில் கூட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். முழுக் கோடு என்றால் போட்ட குழாய். புள்ளிக் கோடு என்றால் போடலாம் என்று நினைத்த குழாய். ராஜா காலத்தில் யாரோ நினைத்திருக்கிறார்கள். நினைத்ததோடு சரி. முப்பது வருடத்துக்கு முன்னால் அண்ணன் இந்தத் தாளைப் பார்த்துப் புதிதாக வரைந்தபோது, தண்ணீர்த் தூண் என்று ஒன்று இருந்தால் அதற்குக் குழாய் இல்லாமல் இருக்குமா, மை மங்கித்தான் கோடு விட்டுவிட்டுத் தெரிகிறது என்று எண்ணி, ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். நேரில் போய்ப் பார்க்காமலேயே 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்றும் எழுதிவிட்டார். அண்ணனுடைய வாழ்க்கையில் பாதாளம் கண்டுபிடித்த முதல் தப்பு அது.

அப்போது அவருக்கு எப்படி இருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. இனித்தது. கைபேசியில் அந்தப் புள்ளிக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டார். பேருந்தில் மூன்று முறை எடுத்துப் பார்த்தார். ஸ்கேல் கோணலாக இழுத்த கோடு!

மறுநாள் பொறியாளர் தன் அறையில் எல்லாரையும் கூட்டினார். ஒப்பந்தக்காரர், பூங்கா கண்காணிப்பாளர், இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள். பொறியாளருக்கு மேலிடத்திலிருந்து நல்ல மண்டகப்படி கிடைத்திருந்தது போல, அதை அப்படியே பாதாளத்துக்கு இறக்கினார்.

"மூணு நாளா பூங்காவ உழுது வச்சிருக்க. முப்பது வருஷ சர்வீஸ், ஒரு குழாயக் கண்டுபிடிக்க முடியல. ஒண்ணு உனக்கு வேலை தெரியல. இல்ல, வரைபடம் தப்பு. தப்புன்னா இப்பவே சொல்லு. போட்டவர் இந்த மாசக் கடைசியில ரிட்டயர்டு. நேர்ல பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. விசாரணை வச்சா மாலைக்குப் பதிலா மெமோவோடதான் வீட்டுக்குப் போவாரு. யார் தலை உருளணும்னு நீயே சொல்லிடு."

படம் சட்டைப் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டு எடுத்து நீட்ட வேண்டியதுதான் பாக்கி. பாதாளத்தின் கையும் பைக்குப் போனது. அண்ணன் மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வருவதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அந்த மனிதர் பள்ளிக்குப் பென்சிலைக்கூட மறந்துவிட்டுப் போனதில்லை. தம்பிக்கும் சேர்த்து இரண்டு சீவி வைப்பார்.

"வரைபடம் சரியாத்தான் சார் இருக்கும். நான் தோண்டுன இடந்தான் தப்பு," என்றார் பாதாளம்.

ஒப்பந்தக்காரர் சிரித்தார். உதவியாளர்கள் கீழே குனிந்துகொண்டார்கள். வெளியே வந்த பிறகும் தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று பாதாளத்துக்கு விளங்கவில்லை. அண்ணன் மேலிருந்த கோபம் குறைந்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்தார். இல்லை, அது பத்திரமாக இருந்தது.

வீட்டில் அவர் மனைவி சீருடை தைக்கும் ஆலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் காலை மடக்கிக்கொண்டாள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஆறு வருஷமா அந்த மனுஷன் பேரச் சொன்னாலே எரிஞ்சு விழுவீங்க. இப்ப அவருக்காக வேலை தெரியாதவன்னு பேர் வாங்கிட்டு வர்றீங்க."

"அவருக்காக இல்ல."

"பின்ன யாருக்காக? மூக்கில்லா ராஜாவுக்காகவா?"

பாதாளம் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டைப் போடு என்றார்.

இனித் தண்ணீர் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் விசாரணை, விசாரணை என்றால் அந்தத் துணித் தாள், துணித் தாள் என்றால் அண்ணன். பாதாளம் இரும்புக் கம்பியோடு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். ராஜா காலத்துத் திறப்பு விழாவில் தண்ணீர் வராமலா இருந்திருக்கும்? குழாய் இல்லாமல் எப்படி வந்தது? தொட்டியின் வடக்குப் பக்கத்துப் படியைக் கம்பியால் தட்டியபோது சத்தம் மாறியது. தோட்டக்காரர் அந்தப் படியில் அடுக்கியிருந்த பூந்தொட்டிகளைத் திட்டிக்கொண்டே நகர்த்தினார். அடியில் இரும்பு மூடி ஒன்று இருந்தது.

கீழே பத்துப் படி. நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கக்கூடிய ஒரு கல் அறை. தரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே வட்டத் தொட்டியில் விழும் தண்ணீர் திரும்பி இதற்குள்ளேயே வந்து சேரும்படி துளைகள். நடுவில் ஒரு கைப் பம்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நீளமான தண்டு. எதிரும் புதிருமாக இரண்டு கல் இருக்கைகள். இவன் அமுக்க அவன் பக்கம் மேலே போகும், அவன் அமுக்க இவன் பக்கம்.

பாதாளம் பம்பைப் பிரித்தார். தோல் வாஷர் காய்ந்து கருவாடாகியிருந்தது. ஆனால் உருளையின் உள்பக்கம் இன்னும் கடைசல் பிடித்த கோடுகள் அழியாமல் இருந்தன. ஒரு வாரம் ஓடியிருந்தால்கூட அவை தேய்ந்திருக்கும். ஆக, வற்றாத நீர் ஓடியது ஒரே நாள். மன்னர் பெருமான் மேலே நின்று ஈந்தார், பெயர் தெரியாத இரண்டு பேர் கீழே உட்கார்ந்து இறைத்தார்கள். பாதாளத்துக்குச் சிரிப்பு வந்தது. ராஜாக்கள் போய் எவ்வளவோ நாளாயிற்று, இந்த ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது என்று தோட்டக்காரரிடம் சொன்னார். தோட்டக்காரர் தன் பூந்தொட்டிகளை எப்போது திரும்ப வைக்கலாம் என்று கேட்டார்.

பாதாளம் புதுத் தோல் வெட்டிப் போட்டு, கிரீஸ் அடித்து, பம்பைச் சரிசெய்தார். ஆனால் அவர் நம்பியது கொண்டுவந்து வைத்த சின்ன மோட்டாரைத்தான். லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, விளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டியபோது நான்கு மீனும் அழகாகத் துப்பின. பொறியாளர் வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"குழாய் கிடைச்சிடுச்சா?"

"தண்ணி வரும் சார்."

பொறியாளர் விழாப் பட்டியலைப் பிரித்தார். "நான் மேற்கொண்டு கேக்கப் போறதில்ல," என்றார். விழாப் பட்டியலில் 'வால்வு திறப்பவர், ஒருவர்' என்று எழுதிக்கொண்டு போனார்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை பாதுகாப்புப் போலீஸ் வந்தது. நாய் தூணைச் சுற்றி மோந்தது, போலீஸ்காரர் பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் மின்கம்பி இல்லை. பட்டியலில் இல்லாத கம்பி அமைச்சர் நிற்கும் இடத்துக்கு அடியில் போகக் கூடாது. உருவி எடுத்தார்கள், மோட்டாரையும் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். பாதாளம் எவ்வளவோ மன்றாடினார். தரையோடு பதிந்த இரும்புப் பம்பை மட்டும் பழங்காலத்துப் பொருள் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அவர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டார். ஒற்றை ஆளாகப் பம்பை அடித்துப் பார்த்திருந்தார். அமுக்கும்போது தண்ணீர் வந்தது, தூக்கும்போது நின்றது. மீன்கள் இருமுகிற மாதிரி இருந்தது. நாலு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. பேச்சுகள் முடிய இருபது நிமிடமாவது ஆகும்.

"யாரையாவது கூட்டிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"தோட்டக்காரர் மேல நின்னு அடையாளம் கொடுக்கணும். வேற யாரைக் கூட்டிட்டுப் போனாலும் குழாய் இல்லன்னு வெளிய தெரிஞ்சிடும்."

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தது. பாதாளம் வழக்கம்போல் கேட்காத மாதிரி இருந்தார். ஆலைக் கதையாக இருக்கும் என்று நினைத்தார்.

விழா பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே பாதாளம் அறைக்குள் இறங்கிவிட்டார். பத்து மணிக்கு மூடியைச் சாத்திவிடுவோம், நிகழ்ச்சி முடிந்துதான் திறப்போம் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். பொத்தானை அமுக்கியதும் தோட்டக்காரர் மூடியில் கோலால் மூன்று முறை தட்டுவார், அதுதான் அடையாளம். பொத்தான் ஒன்றோடும் இணைக்கப்படாத வெறும் பொத்தான்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலே பேச்சுக்குரல் கேட்டது.

"பட்டியல்ல ஒரு ஆள்தான் இருக்கு," என்றார் போலீஸ்காரர்.

"வால்வு எங்க இருக்குன்னு இதுலதான் இருக்கு. நீங்க வேணா வச்சுக்குங்க. தண்ணி வரலன்னா நீங்க பாத்துச் சொல்லிடுங்க."

தாள் விரியும் சத்தம். நாற்பத்தொன்றாம் எண். போலீஸ்காரருக்கு அதில் என்ன புரியும்? போங்க போங்க என்றார். வெள்ளைச் சட்டை ஒன்று படியில் இறங்கி வந்தது. மேலே மூடி விழுந்தது.

அண்ணன் கைக்குட்டையை எடுத்து எதிர் இருக்கையைத் துடைத்தார். உட்கார்ந்தார். வரைபடத்தைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினார். சுவரில் மாட்டியிருந்த டார்ச் வெளிச்சத்தில் அவர் ரொம்ப மெலிந்து தெரிந்தார். ஆறு வருடத்தில் காதோர முடி முழுக்க வெளுத்திருந்தது. பாதாளம் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார், அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

பத்தாயிற்று. பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. பத்தே கால். வாத்தியம் நின்று ஒலிபெருக்கியில் ஒருவர், அமைச்சர் இதோ வந்துகொண்டிருக்கிறார் என்றார். பத்தரைக்கும் அதையே சொன்னார். அறைக்குள் சட்டை உடம்போடு ஒட்டியது. கோபத்தோடு ஒரு ஆளை எதிரில் வைத்துக்கொண்டு, முட்டியும் முட்டியும் இடிக்க, கதவு சாத்திய குழிக்குள் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனையை எந்த ராஜாவும் கண்டுபிடித்திருக்க மாட்டான். பாதாளத்துக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போக வழியில்லை. பத்தே முக்காலுக்கு மறுபடியும் வாத்தியம், அதே பாட்டு. மேலே பள்ளிப் பிள்ளைகளும் அதிகாரிகளும் வெயிலில் கால் மாற்றி மாற்றி நிற்பது கல்லில் உரசிக் கேட்டது.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினொண்ணு," என்றார்.

பாதாளம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஊரே ஒரு மணி நேரம் நிக்குது. யாரும் செத்துப்போகல." அண்ணன் மடியிலிருந்த கடிகாரத்தைக் கவிழ்த்தார். "காத்திருக்கறது ஒண்ணும் அப்படி முடியாத காரியம் இல்லடா. நான் அன்னிக்கு நின்னிருக்கலாம்."

ஆறு வருடமாக இந்த வார்த்தை வந்தால் என்ன திருப்பிக் கொடுப்பது என்று பாதாளம் பலவிதமாகத் தயார் செய்து வைத்திருந்தார். சைக்கிளில் போகும்போதும் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்த வசனங்கள். அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார்.

"அப்பா முகம் எப்படி இருந்துச்சுண்ணே?" என்றார்.

அண்ணன் யோசித்தார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவர் அவர். "தூங்குற மாதிரின்னு எல்லாரும் சொன்னாங்க. அப்படி இல்ல. எதையோ தேடிட்டு இருக்கும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வாய் கொஞ்சம் திறந்து. இடது கண் சரியா மூடல. நான் ரெண்டு தரம் மூடிவிட்டேன்."

மூடியில் மூன்று தட்டு விழுந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கப் பார்த்ததில் தண்டு அசையவே இல்லை.

"நீங்க விடுங்கண்ணே! நான் அமுக்கும்போது நீங்க விடணும்."

"சரிடா, சரி. அமுக்கு."

அதற்குப் பிறகு தண்ணீர் போனது. விடாமல், ஒரே சீராக. மேலே கைதட்டல் எழுந்தது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். துளைகள் வழியாகத் தண்ணீர் திரும்பி அண்ணனின் முதுகில் கொட்டியது. அமைச்சர் பேசினார். கொள்ளுப்பேரன் அதைவிட நீளமாகப் பேசினார். மன்னர் மக்களுக்காக இங்கே ஓடவிட்ட நீர் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது என்றார். கீழே அண்ணனுக்கு இளைத்தது, பாதாளத்துக்குத் தோள் கழன்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பேச்சை எப்போது முடித்துத் தொலைப்பான் என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்கள். இருபத்தாறு நிமிடம் இறைத்தார்கள்.

மூடியைத் திறந்தபோது பொறியாளர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். வாயெல்லாம் பல். அடுத்து அண்ணனைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், இரண்டு பேரின் சட்டையையும் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கீழே இறங்கியது.

"நீங்க எங்க சார் இங்க?"

அண்ணன் படியேறி வெளியே வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பூங்காவுக்குள்ள குழாயே இல்ல சார். பழைய தாள்ல புள்ளிக் கோடு. நான் முழுக் கோடா இழுத்துட்டேன். நேர்ல பாத்தேன்னும் எழுதிட்டேன். பாக்கல."

"அண்ணே," என்றார் பாதாளம்.

"நீ சும்மா இரு."

பொறியாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தண்ணிதான் வந்துடுச்சே சார். யாரு கேக்கப் போறா? பதினெட்டு நாள்ல மாலை போட்டு அனுப்பப் போறோம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும், விடுங்க."

"பதினெட்டு நாள் இருக்குல்ல? போதும். மாத்தி வரைஞ்சு கொடுத்துடறேன். எதுக்கு மாத்தினேன்னு ஒரு கடிதமும் வைக்கறேன். மெமோ கொடுக்கறதுன்னா கொடுங்க."

பொறியாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு, கொள்ளுப்பேரனை வழியனுப்பப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீன்களின் வாயிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்தன. தோட்டக்காரர் தன் பூந்தொட்டிகளைப் படியில் திரும்ப அடுக்க வந்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் அண்ணன். நனைந்த கால்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அதன் நுனியைத் தம்பியிடம் நீட்டினார். இந்தத் தாளை முப்பது வருடத்துக்கு முன்னால் வரைந்தபோது, நேரில் வந்து அளக்க நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை என்று சொல்லித்தான் போகாமல் விட்டிருந்தார். அதைப் பிடிக்கச் சொல்லித் தம்பியிடம் அப்போதே கேட்டிருக்கலாம். தம்பி அன்றும் ஒரு தெரு தள்ளி ஏதோ ஒரு பள்ளத்துக்குள்தான் இருந்திருப்பார்.

பாதாளம் நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, கடைசிச் சுவரில் கட்டைவிரலால் அமுக்கினார்.

"பிடிச்சாச்சாடா?"

"பிடிச்சாச்சுண்ணே."

"பதினோரு அடி, நாலு அங்குலம். சரியா இருக்கா பாரு. நான் நிக்கறேன், அவசரம் இல்ல."